தோள் தைத்த பிறகு முதல் ஆறு கிழமை

வீச்சு வலையை எறியக் கையை உயர்த்திப் பின்னுக்கு வளைப்போமே, அந்த வளைப்பில்தான் என் வலது தோள் மூன்றாம் தடவையும் கழன்றது. மட்டக்களப்பு வாவியில், தோணியில் நின்றபடி. தோள் மூட்டுக் குழியின் முன்விளிம்பில் உள்ள குருத்தெலும்பும் மூட்டைப் பிடித்திருக்கும் நாரும் எலும்பை விட்டுக் கிழிந்திருந்தன. எலும்புக்குள் சிறு ஆணி போல ஒன்றை இறக்கி, அதிலுள்ள நூலால் அவற்றை இழுத்துத் தைத்தார்கள்.

ஒப்பரேஷனுக்கு முன் ஒன்று கேளுங்கள்: குழியின் எலும்பும் தேய்ந்திருக்கிறதா? நிறையத் தேய்ந்திருந்தால் தையல் மட்டும் தாங்காது. பக்கத்து எலும்பில் ஒரு துண்டை எடுத்து ஸ்குரூ போட்டுப் பொருத்துவார்கள்.

வீட்டில் முதலில் சாய்மனைக் கதிரையைத் தயார் செய்யுங்கள். மல்லாந்து படுத்தால் முழங்கை பின்னுக்குச் சரிந்து தோளை இழுக்கும். நான் மூன்று கிழமை கதிரையில்தான் தூங்கினேன், முழங்கைக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து.

சாரத்தை ஒற்றைக் கையால் கட்டவே முடியாது. இழுவைப் பட்டி வைத்த காற்சட்டை இரண்டு வாங்குங்கள். முன்பக்கம் பொத்தான் உள்ள சேர்ட்தான் வசதி: போடும்போது தைத்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். அக்குள் கழுவ, இடுப்பை வளைத்து முன்னே குனிந்து கையைத் தொங்கவிடுங்கள். கையை நீங்களாகத் தூக்க வேண்டாம்.

இடது கையால் சோறு தின்ன மனம் வரவில்லை. அம்மா, “கரண்டியப் புடி மனே, ஆறு கிழமதானே” என்றா. கரண்டியால் தின்றேன்.

விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் டொக்டர் சொன்னபடி தினமும் அசையுங்கள், இல்லாவிட்டால் விறைத்துவிடும். தோளுக்கான பயிற்சியை பிசியோ சொன்ன நாளில்தான் தொடங்க வேண்டும். நான்காம் கிழமை எனக்கு வலி போய்விட்டது. கையைக் கழுத்தோடு தொங்கவிட்டிருந்த பட்டியைக் கழற்றிவிடலாம் போலிருந்தது. கழற்றாதீர்கள். வலி போனாலும் நார் எலும்போடு இன்னும் ஒட்டி முடிந்திருக்காது. காய்ச்சல், காயத்தில் சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, விரல் நீலமாவது என்றால் கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

வலை எறிகிற அந்த வளைப்புத்தான் கடைசியாகக் கிடைக்கும். ஆறாம் மாதம் பிசியோ சம்மதித்த பிறகு, ஈயக்குண்டு கழற்றிய பழைய வலையைக் கல்லடி மணலில் நின்று எறிந்து பார்த்தேன். பாதிதான் விரிந்தது. தோள் இருந்த இடத்திலேயே இருந்தது.