'சரிங்க டாக்டர்' என்றால் எத்தனை மார்க்?

தங்கச்சிமடத்துக்காரர், விசைப்படகில் போகிறவர். இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. டாக்டர் மனச்சோர்வு என்றார். மாத்திரை எழுதி, "ராத்திரி ஒண்ணு, சரியா?" என்று கேட்டார். "சரிங்க டாக்டர்." சிகிச்சை முடிவில் நோயாளிக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்று அவரிடமே கேட்டு அளக்கும் எஸ்டிஎம்-க்யூ-9 கேள்வித்தாளை வாசலிலேயே நீட்டினேன். ஒன்பது கேள்விக்கும் முழு மார்க் போட்டார். பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போனால் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறது. "போட்டுட்டு அசந்துட்டா நடுக்கடல்ல வலையை யாருங்க இழுக்கிறது?"

இதை அவர் டாக்டரிடம் கேட்கவில்லை. என்றைக்குக் கடலுக்குப் போவீர்கள் என்று டாக்டரும் கேட்கவில்லை. தூக்கம் அதிகம் தராத மருந்து உண்டு, பேச்சுச் சிகிச்சையும் உண்டு. அந்தப் பேச்சே எழவில்லை. தாள் மட்டும் "சேர்ந்து முடிவெடுத்தார்கள்" என்கிறது.

தப்பு என்னுடையதுதான். ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கேட்டால் நம் ஊரில் யார் குறை சொல்வார்கள்? அங்கே கிடைப்பது மரியாதைக்குப் போட்ட மார்க். வீட்டில், இரண்டொரு நாள் கழித்து, சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாத ஆள் கேட்க வேண்டும். பதிலும் நோயாளியுடையதாக இருக்க வேண்டும். "அவுக பேசமாட்டாக, நான் சொல்றேன்" என்று மனைவி தொடங்கினால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கேள்விகளின் தமிழ் மொழிபெயர்ப்பு. "முடிவு எடுத்தீர்களா?" என்று மனச்சோர்வில் இருப்பவரிடம் கேட்பதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். தற்கொலையைத்தான் நாம் "தப்பான முடிவு" என்கிறோம். ஒரு அம்மா இந்தக் கேள்விக்குத் திடுக்கிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "எந்த வைத்தியம் என்று உங்களையும் கேட்டுத்தான் பேசினார்களா?" என்றால் போதும்.

எஸ்டிஎம்-க்யூ-9, பிஎச்க்யூ-9 இரண்டிலும் ஒன்பது கேள்விகள் இருப்பதால் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. முன்னது முடிவில் நோயாளிக்கு இருந்த பங்கை அளப்பது, மொத்தம் 45. பின்னது மனச்சோர்வின் கடுமையை அளப்பது, மொத்தம் 27. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது. ஆனால் இரண்டையும் சேர்த்தே எடுங்கள், ஏனென்றால் மனம் சோர்ந்திருப்பவருக்கு நல்ல பேச்சும் மங்கலாகத் தெரியலாம். நேரமில்லை என்றால் எஸ்டிஎம்-க்யூ-9க்குப் பதில், முடிவில் நோயாளியைச் சேர்த்துக்கொள்ள எவ்வளவு முயன்றார்கள் என்று அவரிடமே மூன்றே கேள்விகளில் கேட்கும் கொலாபரேட் இருக்கிறது. அதில் சராசரி பார்க்காமல், மூன்றுக்கும் உச்ச மதிப்பான 9 போட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவது வழக்கம். எல்லாரும் ஏழு, எட்டு என்று தாராளமாகப் போடும் இடத்தில் அந்த வழி உதவும்.

"நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்று மனதார விடுகிறவர்களும் இருக்கிறார்கள். எவ்வளவு பங்கு வேண்டும் என்று முதலிலேயே கேட்காமல், குறைந்த மார்க்கை டாக்டர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அப்புறம், எந்த மாதத்தில் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது ஆற அமர உட்கார்ந்து பேசுகிற அதே ஆள், ஆகஸ்டில் ஆஸ்பத்திரி டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, படகுக்கு ஐஸ் ஏற்றிவிட்டார்களா என்று போனில் கேட்டுக்கொண்டே உள்ளே போவார்.