கவனிப்பில்லாத என்ஜினுக்கு எந்த ஆயில்?

பல காலம் ஆயில் மாற்றாத பெட்ரோல் காரைச் சுத்தப்படுத்தத் தனியாக ஃப்ளஷ் திரவம் வாங்க வேண்டாம். கார் கையேட்டில் சொன்ன கிரேடிலேயே (ஆயிலின் கெட்டித்தன்மை அளவு) நல்ல சிந்தெடிக் ஆயிலைப் புது ஃபில்ட்டருடன் போட்டு, 1,500 கிலோமீட்டரில் வடித்துவிடுங்கள். இன்னொரு முறையும் அப்படியே செய்யுங்கள்.

தரமான ஆயிலிலேயே கசடைக் கரைத்து, படியவிடாமல் மிதக்கவைக்கும் சேர்மானங்கள் உண்டு. அவை மெதுவாக வேலை செய்வதால், அழுக்கு கட்டியாகப் பெயர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும் ஆபத்து குறைவு.

ஊட்டியில் வீட்டுக்கும் ஊருக்குள்ளேயே இருக்கும் சேரிங்கிராஸ் சந்திப்புக்கும் மட்டும் ஓடும் வண்டிகளில் என்ஜின் முழுச் சூடு ஏறுவதே இல்லை. நீராவி உள்ளேயே குளிர்ந்து, ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போல மஞ்சள் பசையாக ஒட்டியிருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்த சூட்டோடு ஆயிலை மாற்றினால், ஈரமும் ஆவியாகியிருக்கும், அழுக்கும் சேர்ந்து வடியும். கையைச் சுடும், சற்று ஆறவிடுங்கள். கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஜனவரி விடியற்காலைக் குளிரில் அது மேலே ஏறவே நேரமெடுக்கும், அதுவரை என்ஜின் தேயும்.

ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், அந்தப் பசைக்குக் காரணம் என்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டின் பழுதாக இருக்கலாம். ஆயில் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. ஆயில் விளக்கு எரிந்தாலோ, மூடிக்குள் கறுப்புக் கசடு கட்டி கட்டியாகத் தெரிந்தாலோ வண்டியை ஓட்டவே வேண்டாம். மெக்கானிக்கை அழைத்து, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் சம்ப்பைக் கழற்றிச் சல்லடையைக் கழுவச் சொல்லுங்கள்.