முத்துக்குளித்துறைப் பரதவர் குடும்பத்தின் முன்னோரைத் தேடுவது எப்படி?

தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கரையோரத்தின் கத்தோலிக்கப் பரதவர் குடும்பத்தின் முன்னோரைத் தேடப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கத் தொடங்கி, இரண்டு தலைமுறையிலேயே திசை தவறிவிடுகிறார்கள். 1535-37 ஆண்டுகளில் இக்கரையோரப் பரதவர் திரளாக ஞானஸ்நானம் பெற்றதன் தொடர்ச்சியாகவே பெர்னாண்டோ, மச்சாது, மிராந்தா, ரோச், கொரைரா போன்ற போர்த்துக்கீசியப் பெயர்கள் இங்கு வழங்கலாயின. அவை இரத்த உறவைக் காட்டும் பெயர்கள் அல்ல. ஒரே தெருவில் வாழும் இரண்டு பெர்னாண்டோ குடும்பங்களுக்குள் கொள்வினை கொடுப்பினைகூட இல்லாதிருக்கலாம். ஆகவே ஊர், பங்கு (குடும்பம் சேர்ந்திருந்த கோயிலின் ஆளுகைப் பகுதி), பட்டப்பெயர் ஆகிய மூன்றையும் முதலில் உறுதி செய்துகொண்டு, குடும்பப் பெயரை நான்காவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். வேம்பார் முதல் மணப்பாடு வரையிலான ஊர்களில் ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறியப் பட்டப்பெயர்கள்தாம் பயன்பட்டன. அவற்றைப் பதிவேடுகளைவிட வயதான பெண்கள் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். பாட்டியிடம் “தாத்தா எந்த ஆண்டு பிறந்தார்?” என்று கேட்டால் பதில் கிடைக்காது. “உங்கள் கல்யாணத்துக்கு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்தது எந்தக் கோயிலில்? மூத்த பிள்ளைக்கு ஞானத்தகப்பன் யார்? பாட்டனார் வள்ளத்துக்குப் போனாரா, தோணிக்குப் போனாரா?” என்று கேளுங்கள். தோணித் தண்டலாக (தோணியின் தலைவராக) இருந்தவரின் தடம் கொழும்பு வரை நீளும். வள்ளத்தில் போனவரின் தடம் பெரும்பாலும் அடுத்தடுத்த ஊர்களுக்குள்ளேயே முடியும்.

அடுத்த இடம் பங்குக் கோயில். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. பங்குத்தந்தைக்கு முன்கூட்டியே எழுதி, யாருடைய பதிவு, ஏறத்தாழ எந்த ஆண்டு, உங்களுக்கு அவர் என்ன உறவு என்பதைத் தெரிவித்துவிட்டு, திருவிழாக் காலத்தைத் தவிர்த்துச் செல்லுங்கள். ஐரோப்பாவில்போல் பதினாறாம் நூற்றாண்டு வரை தொடர்ச்சியாகப் பதிவேடுகள் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உப்புக்காற்றும் கரையானும் தமக்குரிய பங்கை எடுத்துக்கொண்டுவிட்டன.

பழைய பதிவுகள் பல இலத்தீனில் இருக்கும். மிரள வேண்டியதில்லை, ஏனெனில் நான்கைந்து சொற்களே திரும்பத் திரும்ப வரும்: ‘பாப்திசாவி’ என்றால் ஞானஸ்நானம் கொடுத்தேன், ‘பிலியுஸ்’ மகன், ‘பிலியா’ மகள், ‘பாத்ரினி’ ஞானப்பெற்றோர், ‘ஓபியித்’ இறந்தார். உண்மையான சிக்கல் பெயர்களில்தான் இருக்கிறது. ஊரார் இராயப்பன் என்று அழைத்தவர் இலத்தீனில் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யொவான்னெஸ், சூசை யோசேபுஸ். யாகப்பன், சந்தியாகு ஆகிய இரண்டு பெயர்களும் யாக்கோபுஸ் என்ற ஒன்றிலேயே போய் முடியும். என் பூட்டனாரை இராயப்பன் என்ற பெயரிலேயே தேடிக்கொண்டு ஒரு நாள் முழுவதையும் வீணாக்கினேன். மறுநாள் பெத்ருஸ் என்று தேடியபோது முதல் ஐந்து பக்கங்களுக்குள் அவர் இருந்தார்.

பதிவு கிடைத்தவுடன் படியெடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள்; ஓரக்குறிப்பைப் பாருங்கள். 1908 முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபை விதிப்படி, ஒருவரின் திருமண விவரத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும். அடுத்த ஊரில் மணமுடித்துச் சென்ற பெண்ணின் தடம் இந்த ஒற்றை வரியில்தான் கிடைக்கும். திருமணப் பதிவில் இரத்த உறவுத் தடைக்கு விலக்கு அளிக்கப்பட்டதாகக் குறிப்பு இருந்தால், மணமக்களுக்குப் பொதுவான முன்னோர் ஒருவர் உண்டு என்று பொருள். மாமன் மகள், அத்தை மகன் மணங்கள் மிகுந்த ஊர்களில் அக்குறிப்பு இரண்டு கிளைகளை ஒரே இடத்தில் இணைத்துவிடும்.

ஒரு பங்கில் பெயர் இல்லையென்றால் குடும்பம் அங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கோவாவைச் சார்ந்த பதுருவாதோ (போர்த்துக்கீசிய அரசின் ஞானாதிக்கம்) குருக்களும் மதுரை மிஷன் இயேசு சபைக் குருக்களும் இக்கரையில் தனித்தனிக் கோயில்கள் நடத்திய காலம் ஒன்று உண்டு. அண்ணனும் தம்பியும் வெவ்வேறு கோயிலைச் சேர்ந்திருக்கக்கூடும். தூத்துக்குடி மறைமாவட்டம் 1923 இல்தான் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இயேசு சபையினரின் பழைய ஆவணங்களுக்குக் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் உள்ள அவர்களது ஆவணக் காப்பகத்தை அணுகலாம்.

காகிதம் கைவிடும் இடத்தில் கல்லறைக் கற்களும் பத்திரங்களும் உதவும். கல்லில் ௲௮௱௭௰௧ என்றிருந்தால் அது 1871. சொத்துப் பத்திரத்தில் கொல்லம் ஆண்டு இருந்தால் 825 கூட்டுங்கள். ஆவணி முதல் மார்கழி நடு வரையிலான நாள் என்றால் 824 போதும். கொல்லம் 1040 என்பது 1864-65. பத்திரங்களில் ‘இன்னார் மகன் இன்னார்’ என்று தகப்பன் பெயரும் எல்லைக்காரர்களின் பெயரும் வருவதால், பங்காளிகள் யார் யார் என்பது நான்கெல்லை விவரத்திலிருந்தே சில வேளைகளில் தெரிந்துவிடும்.

கொழும்புத் தொடர்பு உள்ள குடும்பத்தார் அங்கேயும் தேடியாக வேண்டும். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867 இல் தொடங்கியது. பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் சான்றிதழின் படி கோரலாம். கொழும்பில் பிறந்த குழந்தைக்குத் தாய்வீட்டுக் கோயிலில் ஞானஸ்நானம் நடந்திருக்கவும் இடமுண்டு என்பதால், பிறந்த நாளை அக்கரையிலும் ஞானஸ்நான நாளை இக்கரையிலும் தேடி, பெற்றோர் இருவர் பெயரும் ஒத்துவந்தால் மட்டுமே இரண்டும் ஒருவருடையவை என்று எழுதிக்கொள்ளுங்கள். தகப்பன் பெயர் மட்டும் ஒத்துவந்தால் பென்சிலால் குறித்துவையுங்கள்.