செயின்ட் ஜெனிவீவ்: மிசிசிப்பிக் கரையின் பிரெஞ்சு வீடுகளைப் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸிலிருந்து தெற்கே 100 கிலோமீட்டர் போல இருக்கிறது இந்த ஊர். 1700களின் கடைசியில் எழுந்த பிரெஞ்சு மர வீடுகள் இங்கே இன்னும் நிற்கின்றன. முதல் தடவை போனபோது உள்ளே இருந்த மேசை, கட்டில்களையே பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த தடவைதான் சுவரைப் பார்த்தேன். முதல் தடவை போகிறவர்களுக்காக, நான் கண்டுகொண்ட வழி இது.

1. நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்

வீடுகள் எல்லாம் ஒரே நிர்வாகத்தில் இல்லை. சில வீடுகள் 2020-இல் அமைந்த தேசிய வரலாற்றுப் பூங்காவிடம். பெலிக்ஸ் வாலே வீடு மாநில அரசிடம். பொல்டுக் வீடு தனி அமைப்பிடம். திறக்கும் நேரமும் கட்டணமும் வீட்டுக்கு வீடு மாறும். எனவே முதலில் தகவல் மையத்துக்குப் போய், அன்றைக்கு எது எப்போது திறந்திருக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

2. ஒரு ஆண்டை நினைவில் வையுங்கள்: 1763

அந்த ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைதான் புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பித் தந்தது. அதே உடன்படிக்கை மிசிசிப்பியின் கிழக்குக் கரையைப் பிரிட்டனுக்குக் கொடுத்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருக்க விரும்பாத பிரெஞ்சுக்காரர்கள் பலர் ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்தார்கள். மேற்குக் கரை அப்போது ஸ்பெயினின் கைக்குப் போயிருந்தது. ஆக, நீங்கள் பார்க்கப் போகிற வீடுகளில் பழையவை ஸ்பெயின் ஆட்சியில் பிரெஞ்சுக் குடும்பங்கள் கட்டியவை.

3. பொல்டுக் வீட்டில் தொடங்குங்கள், சுவரைப் பாருங்கள்

அமெரிக்க மர வீடுகளில் கட்டைகளைப் படுக்கவைத்து அடுக்கியிருப்பார்கள். இங்கே கட்டைகள் நெட்டுக்குத்தாக நிற்கும். அதில் இரண்டு வகை. பொல்டுக் வீட்டில் கல் அடித்தளத்தின் மேல் ஓர் உத்திரத்தைப் படுக்கவைத்து, அதன் மேல் கட்டைகளை நிறுத்தியிருக்கிறார்கள். இது 'பொத்தோ சூர் சோல்'. இன்னொன்று 'பொத்தோ ஆன் தேர்': கட்டைகளை நேராக மண்ணிலேயே நட்டுவிடுவது. மண்ணில் நட்டால் மரம் உளுத்துப் போகும் அல்லவா? அதனால்தான் எளிதில் உளுக்காத சிடார் மரத்தைத் தேடிப் பிடித்தார்கள். இந்த இரண்டாம் வகையில் வட அமெரிக்காவில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் மூன்று இந்த ஒரே ஊரில். கட்டைகளுக்கு நடுவே களிமண்ணும் வைக்கோலும் குழைத்து அடைத்த பூச்சையும் பாருங்கள். வீட்டைச் சுற்றி ஓடும் தாழ்வாரம் வெயிலையும் மழையையும் சுவரில் படாமல் தடுக்கிறது.

4. கிபூர்-வாலே வீட்டில் பரண் ஏறுங்கள்

அனுமதி இருந்தால் தவறவிடாதீர்கள். செங்குத்தான கூரையைத் தாங்கும் நார்மண்டிப் (வட பிரான்சின் ஒரு பகுதி) பாணிச் சட்டங்களைக் கை எட்டும் தூரத்தில் பார்க்கலாம். தச்சு வேலையில் ஆர்வமுள்ளவர்களுக்கு எளிதில் இறங்க மனம் வராது.

5. பெலிக்ஸ் வாலே வீடு

1818-இல் கட்டிய கல் வீடு. 1803-இல் ஊர் அமெரிக்காவின் கைக்குப் போனபின் ரசனை எப்படி மாறியது என்று காட்டும். அரை மணி நேரம் போதும்.

6. கடைசியாக அமுரூ வீடு

1792-இல், மண்ணில் நட்ட கட்டைகளால் எழுந்த வீடு. இங்கே பெலாஜி அமுரூவைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, பின்னாளில் இதே வீட்டில் குடும்பத்தோடு வாழ்ந்து கடை நடத்தியவர். இந்த ஊரின் வயல், சுரங்க வேலைகளில் அடிமைகளின் உழைப்பு கலந்திருக்கிறது. அதைக் கேட்காமல் திரும்பினால் பாதி வரலாறுதான் கிடைக்கும்.

அப்புறம் வாசலில் நின்று எதிரே பாருங்கள். 'பெரிய வயல்' என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த நிலம் பரந்து கிடக்கும். முதல் ஊர் அந்தத் தாழ்வில்தான் இருந்தது. 1785-இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகே மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேட்டுக்கு ஏறினார்கள். வீடுகள் போய்விட்டாலும் உழவு நிற்கவில்லை. இன்றும் அங்கே பயிர் நிற்கிறது.