“கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்”

காரைக்குடிப் பக்கம் எந்தப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும் இந்த வசனத்தைச் சொல்ல ஒருவராவது இருப்பார். போன வருஷம் எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் சொன்னார். பக்கத்தில் அவர் பையன், ஏழாம் வகுப்பு இருக்கும், சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். அவன் வரைந்த படம் ஒன்றை எடுத்துக் காட்ட ஆசிரியர் மேசை டிராயரைத் திறந்திருந்தார். வசனத்தைக் கேட்டதும் சிரித்து மழுப்பிவிட்டு டிராயரை மூடினார். அந்தப் படத்தை அப்பா பார்க்கவே இல்லை.

சொல்பவர் மரியாதைக்காகச் சொல்கிறார், நிஜமாக அடிக்கச் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பையனுக்குத் தெரியுமா? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) 17ஆம் பிரிவு, அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் சேர்த்தே தடுக்கிறது. பெற்றவரே அனுமதி கொடுத்தாலும் ஆசிரியர் அடிக்க முடியாது. எனவே அந்த வசனத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை, பிள்ளை முன்னால் பிள்ளையைத் தாழ்த்தியதுதான் மிச்சம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அது உறைக்கும். “எங்க பங்காளி வீட்டுப் பையன் தொண்ணூத்தஞ்சு வாங்குறான்” என்பதும் இதே வகைதான்.

நானும் யோக்கியம் இல்லை. என் மகன் ஆறாம் வகுப்பு முதல் பருவத்தில் கணக்கில் 56 வாங்கியிருந்தான். மதிப்பெண் அட்டையைக் கையில் வாங்கிய கையோடு, “ஏன் டீச்சர் இவ்வளவு கம்மி?” என்று ஆரம்பித்துவிட்டேன். அந்த டீச்சர் பொறுமைசாலி. “56ஐ விடுங்கம்மா, அது எப்படி வந்துச்சுன்னு பாருங்க” என்றார்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்புக்கு மூன்று பருவம். ஒவ்வொரு பருவத்திலும் செயல்பாடு, சின்னத் தேர்வுகளுக்கு 40. இது வளரறி மதிப்பீடு. பருவத் தேர்வுக்கு 60, இது தொகுத்தறி. என் மகனுக்கு வளரறியில் 37, தொகுத்தறியில் 19. அதாவது வகுப்பில் செய்யச் சொன்னால் செய்கிறான், தேர்வுத் தாளில் கோட்டை விடுகிறான். டீச்சர் அந்தத் தாளையே எடுத்துக் காட்டினார். கூட்டல், பெருக்கல், பின்னம் என்று நேரடியாக வந்த கணக்கெல்லாம் சரி. ‘ஒரு கடைக்காரர் 12 கிலோ அரிசியை…’ என்று நாலு வரியில் வந்தவற்றை எல்லாம் தொடாமலே விட்டிருந்தான். “கணக்கு வருதும்மா. கேள்வியைப் படிக்கத்தான் வரலை.”

நான் கணக்கு டியூஷன் தேடிக்கொண்டிருந்தேன்! மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுவதுதான் பெற்றோர் செய்வதில் பெரிய தவறு என்பேன். மொத்தம் வீட்டிலேயே தெரிந்துவிடும், அதற்காக அரை நாள் கூலியையோ கடையையோ விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. தாளைக் கேளுங்கள், நோட்டைக் கேளுங்கள். “எந்த இடத்தில் நிற்கிறான்?” என்று கேளுங்கள்.

இன்னொன்று. ஐந்தாவது வரை பெரும்பாலும் ஒரே டீச்சர், எல்லாம் அவருக்குத் தெரியும். ஆறாவதிலிருந்து பாடத்துக்கு ஓர் ஆள். நாம் பழைய பழக்கத்தில் வகுப்பாசிரியரிடம் மட்டும் பேசி, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அவர் தமிழ் எடுப்பவராக இருந்தால், அறிவியல் வகுப்பில் நடப்பது அவருக்கு எப்படித் தெரியும்? பிள்ளைக்கு எந்தப் பாடம் இடறுகிறதோ அந்த ஆசிரியரைத் தேடிப்போய் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வர வேண்டும்.

பள்ளி வேன் தாமதம், கழிப்பறை, குடிநீர் எல்லாவற்றையும் பாட ஆசிரியரிடம் கொட்டுபவர்களும் உண்டு. நியாயமான புகார்தான், இடம்தான் தப்பு. தனியார் பள்ளி என்றால் அலுவலகத்தில் சொல்லுங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள்.

அப்புறம் நம்ம ஊருக்கே உரிய ஒரு சங்கதி. பாதி வீடுகளில் அப்பா வெளிநாட்டில். என் வீட்டுக்காரரும் சிங்கப்பூரில்தான். கூட்டத்தின் நடுவே வீடியோ கால் போட்டு, “அவங்க அப்பா பேசணுமாம்” என்று போனை ஆசிரியர் முகத்துக்கு நேரே நீட்டுவதை நிறையப் பார்க்கிறேன். இங்கே காலை 10 மணி என்றால் அங்கே பகல் 12.30. அவர் வேலையிடத்தில் இரைச்சலில் நிற்பார், இவருக்குப் பின்னால் இருபது பேர் காத்திருப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் காதில் விழாது. அவர் கேட்கச் சொல்வதை முந்தின இரவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் போதும்.

அப்பாவும் இல்லை, அம்மாவுக்கும் வேலை என்றால் தாத்தா பாட்டி போவார்கள். அதில் தவறே இல்லை. விவரம் சொல்லாமல் அனுப்புவதுதான் தவறு. இப்படிச் சொல்லும் எனக்கே ஒருமுறை குட்டு விழுந்தது. நான் வர முடியாத ஒரு கூட்டத்துக்கு என் மாமியார் போனார். படிப்பைப் பற்றி என்ன கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியலே கொடுத்திருந்தேன். பட்டியல் சுருக்குப்பையை விட்டு வெளியே வரவே இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “ஏந் தாயி, பய மத்தியானச் சோத்தை யாரோட உக்காந்து திங்கிறான்?” டீச்சர் யோசித்துவிட்டு, “கொஞ்ச நாளா தனியாத்தான் உக்கார்றான் ஆச்சி” என்றிருக்கிறார். ஐந்தாவது வரை கூடப் படித்த கூட்டாளிகள் வேறு பிரிவுக்குப் போய்விட்டார்கள் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. ‘படிக்காத நமக்கு டீச்சரிடம் என்ன கேட்கத் தெரியும்’ என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருபவர்களிடம் இதைச் சொல்வேன்.

“எட்டாவது வரைக்கும் பாஸ்தானே” என்று கூட்டத்துக்கே போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் எட்டு வரை நிறுத்திவைப்பதில்லை, உண்மைதான். விட்டுப்போன பின்னமும் வாசிப்பும் ஒன்பதாவதில் மொத்தமாகக் கணக்குக் கேட்கும். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டாவதில் தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்து, தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். அதற்கு ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணும் பார்க்கப்படும். எனவே ஏழாவது கூட்டத்திலேயே கேட்டுவைப்பது நல்லது.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப்பிலேயே விசாரணையைத் தொடங்கிவிடாதீர்கள். நான் அன்று அந்த 37ஐப் பற்றித்தான் முதலில் பேசினேன். படிக்க வரவில்லை என்பதை ராத்திரி சோறு போடும்போது சொன்னேன். டீச்சர் சொன்ன வைத்தியம் சுலபமானது: தினமும் பத்து நிமிடம் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும், கேட்க ஓர் ஆள் வேண்டும். ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறான் என்று போன் செய்து கேட்கலாமா, எந்த நேரத்தில் கேட்கலாம் என்பதையும் அங்கேயே பேசிக்கொண்டு வந்திருந்தேன். அதைக் கேட்காமல் வந்தால் அடுத்த பருவம் வரை குருட்டாம்போக்குதான்.

கேட்க ஆளாக என் மாமியாரே வந்தார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து இவன் தினத்தாள் வாசிப்பான், அவர் வெற்றிலை இடித்தபடி கேட்பார். புரியாவிட்டால் “திரும்பப் படிடா” என்பார். இரங்கல் விளம்பரம் என்றால் எந்த ஊர், யார் வகையறா என்று குறுக்கு விசாரணை வேறு. இரண்டாம் பருவத்தில் அந்த 19, 31 ஆனது. 60க்கு 31 ஒன்றும் பெரிய மதிப்பெண் இல்லைதான். ஆனால் நாலு வரிக் கணக்கு ஒன்றையும் அவன் விட்டுவைக்கவில்லை, இரண்டைத் தப்பாகப் போட்டிருந்தான். இப்போது அப்பத்தாவின் புகார் வேறு: “ரயிலு மாதிரி வாசிக்கிறான், எனக்கு ஒண்ணும் வெளங்கலை.”