படத்துக்குக் கீழே நாலு வரி: நம் பக்கத்துக் காட்டுயிர்களுக்கு ஓர் இணையதளம் நடத்துவது எப்படி

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. தேன்கனிக்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் எனக்கு அந்த இரண்டு மாதமும் கை காலியாக இருக்கும். அப்போது கல்யாணத்துக்கு எடுத்துப்போகும் அதே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை, கரடு, ராகிக்காடு என்று சுற்ற ஆரம்பித்தேன். எடுத்த படங்களைப் பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுக்குப் பேரு என்ன?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பாதிக்கு எனக்கே தெரியவில்லை. தேடித்தேடி எழுதிவைத்ததுதான் பிறகு இணையதளம் ஆனது. இன்று தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துப் பள்ளிகளில் அதைத் திறந்து பாடம் நடத்துகிறார்கள். தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் செய்துபார்த்த வழியைச் சொல்கிறேன்.

முதலில் எதைப் படம் எடுப்பது என்ற கேள்வி. வெப்பமண்டலக் காடு என்று இணையத்தில் தேடினால் அமேசான் மழைக்காடு வரும், பெரிய அலகோடு டூக்கான் பறவை வரும். பிள்ளைகளும் வெப்பமண்டலம் என்றால் எங்கோ இருக்கிற இடம் என்றே நம்புகிறார்கள். வெப்பமண்டலத்தின் வடக்கு எல்லையான கடகரேகை ஏறக்குறைய 23.5 டிகிரி வடக்கில் ஓடுகிறது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்கு வெகு தெற்கே, 12 டிகிரிக்கும் 13 டிகிரிக்கும் நடுவில் இருக்கின்றன. நாம் பிறந்து வளர்ந்த இடமே வெப்பமண்டலம்தான். நம்முடையது மழைக்காடு இல்லை, வெயிலில் இலை உதிர்க்கும் காடு. பங்குனியில் ஆச்சா மரங்கள் மொட்டையாக நிற்கும் சரிவு ஐப்பசியில் போய்ப் பார்த்தால் வேறு இடம் போல இருக்கும். அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது: ஒரே இடத்தில் நின்று பங்குனியில் ஒரு படம், ஐப்பசியில் ஒரு படம் எடுங்கள். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தளத்தின் முதல் பக்கமே அதுவாக இருக்கட்டும்.

பாலூட்டி, பறவை, ஊர்வன என்று பிரித்து அடுக்குவது புத்தக வழக்கம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் ஒரு பிள்ளை ஏரிக்கரையில் எதையோ பார்த்துவிட்டு வந்து தேடும்போது அது எந்த வகுப்பு என்று தெரிந்தா தேடுகிறது? "ஏரியில பார்த்தேன்" என்றுதான் சொல்லும். அதனால் வீட்டு வாசல், வயக்காடு, ஏரி, கரடு, அடர்காடு, காவிரிக்கரை என்று ஆறு கதவுகளாக மாற்றி அமைத்தேன். காவிரிக்கரையைத் திறந்தால் ஒகேனக்கல் பக்கத்து நீர்மருது மரங்கள், அதன் உச்சியில் தாவும் சாம்பல் நிற மலை அணில், கீழே தண்ணீரில் நீர்நாய், பாறைமேல் வெயில் காயும் முதலை. எது எதோடு சேர்ந்து வாழ்கிறது என்பதைத் தனியாக விளக்கவே வேண்டியதில்லை.

இனி எனக்கு மிக முக்கியமான பகுதி, படத்துக்குக் கீழே எழுதுவது.

"இயற்கையின் பேரழகு" என்று எழுதாதீர்கள். அது யாருக்கும் எதையும் கற்றுத் தராது. என்ன, எங்கே, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தது, இந்த நான்கும் இருந்தால் போதும். என் தளத்திலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன்:

"பனங்காடை. ராயக்கோட்டை சாலையோரம், மின்கம்பிமேல், தை மாதம், காலை எட்டு மணி. கீழே அறுவடை முடிந்த ராகி வயல். தரையில் வெட்டுக்கிளி அசைந்ததும் இறங்கிக் கொத்திக்கொண்டு மறுபடி கம்பிக்கே வந்தது. உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரியும். இறக்கை விரித்தால்தான் நீலம் தெரியும், அடுத்த படத்தைப் பாருங்கள்."

அவ்வளவுதான். இதைப் படித்த பிள்ளை மறுநாள் பஸ்ஸில் போகும்போது கம்பியைப் பார்க்கும்.

ஓர் உயிருக்கு ஒரு படம் போதாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆண்குயில் முழுக்கக் கறுப்பு, பெண்குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்காவிட்டால் பிள்ளைகள் இரண்டு பறவை என்றே நினைப்பார்கள். அருகிலிருந்து ஒன்று, அது வாழும் இடம் தெரியும்படி தள்ளி நின்று ஒன்று, ஆணும் பெண்ணும் வேறாக இருந்தால் இரண்டும், இதுதான் என் கணக்கு. இரண்டாவது வகைப் படத்தை யாரும் எடுப்பதில்லை. அழகுப் போட்டியில் அது ஜெயிக்காது. பாடத்துக்கு அதுதான் வேண்டும்.

பெயர் விஷயத்தில் எங்கள் பக்கம் ஒரு வசதி உண்டு. தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர் சுற்றுவட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற வீடுகள் கலந்தே இருக்கின்றன. நமக்கு மயில், தெலுங்கில் நெமலி, கன்னடத்தில் நவிலு. மூன்றையும் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன். அறிவியல் பெயர் கூடவே இருக்க வேண்டும். மயிலுக்கு லின்னேயஸ் 1758இல் வைத்த 'பாவோ கிரிஸ்டாட்டஸ்' உலகத்தில் எந்த மொழிக்காரரும் ஒத்துக்கொள்ளும் பெயர். உள்ளூர்ப் பெயர்களுக்கு வயதானவர்களைக் கேளுங்கள். அஞ்செட்டி, உரிகம் பக்கத்து இருளர் பெரியவர்கள் ஒரு செடியைக் காட்டினால் பெயரோடு அதை எந்த மிருகம் எப்போது தின்னும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். அவர்கள் சொன்னதை எழுதும்போது சொன்னவர் ஊரையும், அவர் சம்மதித்தால் பெயரையும் போடுங்கள். அந்த அறிவு அவர்களுடையது.

தப்பான பெயர் என்ன செய்யும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மழைநாள் இரவு எங்கள் வீட்டுப் பின்சுவரோரம் கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட பாம்பைப் படம் எடுத்தேன். ஏதோ ஒரு படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு "ஓநாய்ப் பாம்பு, விஷமில்லாதது" என்று எழுதிப் போட்டுவிட்டேன். பதினோரு நாள் அப்படியே இருந்தது. பாம்பு பிடித்துக் காட்டில் விடும் ஒருவர் போன் செய்தார். "அண்ணா, மொதல்ல அந்தப் படத்த எடுங்க. அது கட்டுவிரியன்." கை நடுங்கிவிட்டது. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியே இருக்காது. நம் நாட்டில் அதிகம் உயிர் குடிக்கும் நான்கு பாம்புகளில் அதுவும் ஒன்று. பதினோரு நாளில் அதை எத்தனை பிள்ளைகள் பார்த்தார்களோ என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

அவர் சொல்லிக் கொடுத்த வித்தியாசம் இப்போது அந்தப் பக்கத்தில் இருக்கிறது: ஓநாய்ப் பாம்புக்குப் பட்டை கழுத்தருகிலேயே தொடங்கும், முன்பக்கம் அகலமாக இருந்து வால் பக்கம் போகப்போக மங்கும். கட்டுவிரியனுக்குத் தலையை அடுத்த பகுதியில் பட்டை மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும், வால் பக்கம் தெளிவாக இருக்கும். இதையும் நம்பிக் கையால் தொடக்கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். பாம்பு, காளான், காட்டுப்பழம் இந்த மூன்றும் விவரம் தெரிந்த இரண்டு பேர் தனித்தனியாக உறுதி செய்யும்வரை தளத்தில் ஏறாது. மற்றவற்றில் சந்தேகம் இருந்தால் "பெயர் உறுதியாகவில்லை" என்றே எழுதுகிறேன். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்தைப் போட்டால் உலகெங்கும் இருப்பவர்கள் பெயர் சொல்ல உதவுவார்கள். அங்கே கணினி தானாக முன்வைக்கும் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள், மனிதர்கள் ஒத்துக்கொள்ளும்வரை பொறுங்கள்.

யானை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராகி முற்றும் சமயம், ஐப்பசியிலிருந்து தை வரை, பன்னர்கட்டா பக்கத்துக் காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வரும். ராத்திரி முழுக்க விவசாயிகள் பரண்மேல் உட்கார்ந்து காவல் காப்பார்கள். ஒரே இரவில் வருஷத்துச் சாப்பாடு போய்விட்ட வீட்டுப் பிள்ளையும் நம் தளத்தைப் பார்க்கிறது. அழகான யானைப் படம் மட்டும் போட்டால் அந்தப் பிள்ளைக்கு நாம் பாதிதான் சொல்கிறோம். மிதிபட்ட ராகி வயலையும், பரணையும், காவல் காக்கும் மனிதரையும் அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நேரில் யானையை நெருங்கிப் படம் எடுக்கப் போகாதீர்கள். தடம் போதும். ஆசிய யானையின் முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் தோள் உயரம் வரும். யானை போய்விட்டது என்று ஊர்க்காரர்கள் உறுதியாகச் சொன்ன பிறகு, பகலில், வயலோரத் தடத்தைச் சுற்றி நூல் வைத்து அளந்தேன். 130 சென்டிமீட்டர். அப்படியானால் யானை 260 சென்டிமீட்டர். அந்தப் படத்தைப் பார்த்து ஒரு பள்ளியில் சுவரில் அந்த உயரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க வைத்தார்களாம். தடம், எச்சம் எதை எடுத்தாலும் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வையுங்கள், அளவு தெரியும்.

இடத்தை மறைப்பது அடுத்த பொறுப்பு. "எங்கே" என்று எழுதச் சொன்னேன், ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்க்கவென்று பிடித்து விற்கிறார்கள். 2019இல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் அதைச் சேர்த்துப் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை போட்ட பிறகும் கடத்தல் நின்றபாடில்லை. ஆமை, அழுங்கு, தேவாங்கு, ஆந்தை இவற்றுக்கு மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எழுத்தில் மறைத்தால் போதாது. போனில் இருப்பிட வசதி இயங்கினால் கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் இடத்தின் குறியீட்டை எழுதிவைக்கும். ஏற்றுவதற்கு முன் அதை நீக்க வேண்டும். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் எக்ஸ்போர்ட் செய்யும்போதே இட விவரத்தை நீக்கும் வசதி உண்டு. விண்டோஸில் படத்தின் ப்ராப்பர்டீஸ் பகுதியில் தனிப்பட்ட விவரங்களை அழிக்கலாம். பின்னணியில் கோயில் கோபுரமோ மைல்கல்லோ தெரிகிறதா என்றும் பாருங்கள், உள்ளூர்க்காரனுக்கு அதுவே வழிகாட்டி. கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும் படம் என் தளத்தில் ஒன்றுகூட இல்லை.

காட்டுக்குள் போக அனுமதி வேண்டும். நம் பக்கம் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இல் 504 சதுர கிலோமீட்டருக்கும், காவிரி தெற்கு 2022இல் 686 சதுர கிலோமீட்டருக்கும் அறிவிக்கப்பட்டவை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழையவும் படம் எடுக்கவும் அனுமதிச் சீட்டு தேவை. வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். என் படங்களில் முக்கால்வாசி காட்டுக்கு வெளியே, ஊர்ப்பொது இடத்தில் எடுத்தவைதான்.

கணினி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேமராவில் வரும் படம் பத்து எம்பி இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் அஞ்செட்டி மலையில் ஒரு புள்ளி சிக்னலில் பார்க்கும் பிள்ளைக்குத் திறக்கவே திறக்காது. நீளப்பக்கம் 1600 பிக்சல், 300 கேபிக்குள், வெப்பி (WebP) வடிவத்தில் சேமியுங்கள். நிறம் எஸ்ஆர்ஜிபி (sRGB) அமைப்பில் இருக்கட்டும், இல்லாவிட்டால் சில போன்களில் பனங்காடை நீலம் செத்துப்போய்த் தெரியும். ஆல்பம் டிசைனுக்குப் பழகிய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யாதீர்கள். யூனிகோடில் இருந்தால்தான் தேடும்போது கிடைக்கும். பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைத்தால் பகிரும்போது அது சதவீதக் குறிகளாக உடையும்: 'யானை' என்ற சின்னச் சொல்லே 36 எழுத்தாக நீளும். முகவரிக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் ஒலிப்பெயர் வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரையைத் தமிழில் எழுதுங்கள். பார்வையில்லாத மாணவருக்குத் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துக் காட்டும். தளத்தைக் கட்ட வேர்ட்பிரஸ் வசதியானது. செலவே வேண்டாம் என்றால் கிட்ஹப் பேஜஸில் 1 ஜிபி வரை இலவசமாக வைக்கலாம். மூலப்படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

உரிமம் என்ற பெயரில் படத்தின் குறுக்கே பெரிதாகப் பெயர் போட்டுக் கெடுக்காதீர்கள். புள்ளிமானின் முதுகுப் புள்ளியே தெரியாமல் போனால் எதற்கு அந்தப் படம்? ஓரத்தில் சிறிதாகப் போதும். பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரும் வகையை நான் வைத்திருக்கிறேன். வணிகத்துக்குக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டால் விக்கிப்பீடியாவுக்குப் படம் தரும் பொதுக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்ற முடியாது. ஆசிரியர்களுக்கு உரிமச் சொற்கள் புரியாது என்பதால் கீழே தெளிவாக எழுதியிருக்கிறேன்: "வகுப்புக்கு அச்சடிக்கலாம், கேட்க வேண்டாம், எடுத்தவர் பெயரும் உரிமமும் அப்படியே இருக்கட்டும்." பிறர் படத்தைப் போடும்போது அவர் சம்மதத்தை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தாக வாங்கிச் சேமித்துவையுங்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'திருத்தியது' என்று ஒரு வரி விடுங்கள். எது, எந்தத் தேதியில், யார் சொல்லி மாற்றினோம் என்பதை அதில் எழுதுங்கள். தூக்கணாங்குருவிப் பக்கத்தில் கூடு முழுக்கப் புல்லாலும் ஓலைநாராலும் ஆனது என்று எழுதியிருந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, தங்கள் கிணற்றடிப் பனையிலிருந்து விழுந்த பழைய கூட்டைப் பிரித்துப் பார்த்ததாகவும், உள்ளே களிமண் உருண்டை ஒட்டியிருந்ததாகவும் படத்தோடு அனுப்பினாள். அவள் சொன்னது சரி. பக்கத்தில் தீப்பெட்டியும் வைத்திருந்தாள். அந்தப் படம்தான் இப்போது அந்தப் பக்கத்தின் முதல் படம்.