"ஊட்டியில என்னங்க பெரிய வெயில்?": மலையில் நாய், பூனை வளர்ப்பவர்கள் கோடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உறைபனி முடிந்து மார்ச் பிறந்ததும் நீலகிரியில் கம்பளிகள் வெயிலுக்கு வந்துவிடும், ஸ்வெட்டர்கள் பீரோவுக்குள் போய்விடும். டிசம்பரில் நாய்க்கூண்டைச் சுற்றிக் கட்டிய சாக்கையும் பிளாஸ்டிக் ஷீட்டையும் மட்டும் யாரும் அவிழ்ப்பதில்லை. கேட்டால், "ஊட்டியில என்னங்க பெரிய வெயில்?" என்பார்கள். மலையில் வளரும் நாய், பூனைகளுக்குக் கோடையில் வரும் தொல்லைகளில் பாதிக்கு இந்த நினைப்புதான் காரணம்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில்கூடப் பகல் வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரிக்குள் நின்றுவிடும். ஆனால் அது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். வெயிலின் கணக்கு வேறு. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. காற்று சில்லென்று இருப்பதால் சுடுவது நமக்கு உறைக்காது. தகரக் கூரையும் தார் ரோடும் அப்படியில்லை, வெயில் பட்டால் கொதிக்கும்.

அதனால் முதலில் கூண்டைச் சுற்றிக் கட்டியதை அவிழ்த்துவிடுங்கள். தகரம் போட்ட கூண்டு என்றால் மர நிழலுக்கு நகர்த்துங்கள். காலையில் நிழலாக இருக்கும் இடம் மூன்று மணிக்கும் நிழலாக இருக்கிறதா என்று ஒருமுறை நின்று பார்த்துவிட்டு நகர்த்துவது நல்லது. குளிர்காலத்தில் பாதித் தண்ணீரோடு கிடந்த கிண்ணம் இப்போது போதாது. வெள்ளைப் பூனைக்குக் காது நுனியும், ரோஸ் நிற மூக்குள்ள நாய்க்கு மூக்கும் வெயிலில் புண்ணாகும். அதற்காக நாம் பூசும் சன்ஸ்கிரீனைத் தடவ வேண்டாம். அதில் இருக்கும் ஜிங்க் ஆக்சைடை நக்கினால் வேறு வம்பு.

"கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கித்தானே வச்சிருக்கோம்"

சீசனில் ஊட்டியின் சேரிங் கிராஸ் பக்கம் ஒரு நடை போனால் நிறுத்திய கார்களுக்குள் இரண்டு நாயாவது கண்ணில் படும். கீழே கோவையில் இதைச் செய்யத் தயங்குகிறவர்கள்கூட இங்கே வந்ததும் துணிந்துவிடுகிறார்கள். 2005-ல் அமெரிக்காவில் வெயிலில் நிறுத்திய காருக்குள் அளந்து பார்த்தார்கள். வெளியே 22 டிகிரியோ 35 டிகிரியோ, ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி கூடியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியென்றால், இதமாக இருக்கும் ஊட்டி மதியத்திலும் காருக்குள் 44 டிகிரி வரை போகலாம்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இளைத்துத்தான் சூட்டை வெளியே விட வேண்டும். பக், புல்டாக், ஷிட்சு, பெர்ஷியன் பூனை மாதிரி சப்பை மூக்கு இனங்களுக்கு அந்த வழியும் பாதி அடைபட்டது. டீ குடித்துவிட்டு வரும் நேரம்கூட அவற்றுக்கு நீளமானதுதான்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் மலைக்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. மே மாதக் கல்யாணத்துக்கு நாயையும் கூட்டிக்கொண்டு சமவெளிக்கு இறங்குவது. குன்னூரில் 24 டிகிரியில் ஏறிய நாய் மேட்டுப்பாளையத்தில் 37, 38-ல் இறங்கும். புது வெப்பத்துக்கு உடம்பு பழக வாரக்கணக்காகும், மலைப்பாதையோ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். போயே ஆக வேண்டும் என்றால் விடியும் முன் கிளம்புங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்காமல் இருக்க, கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கி விடுவார்கள். வழியில் வண்டி எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், அக்கம்பக்கத்தில் சாப்பாடு வைக்க ஒரு ஆள் இருந்தால் நாயை வீட்டிலேயே விட்டுப் போவதுதான் அதற்குச் செய்யும் உபகாரம்.

முடி வெட்டுவது பற்றிச் சுருக்கமாக. ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட், செயின்ட் பெர்னார்ட் போன்றவற்றுக்கு இரட்டை அடுக்கு முடி. வெயில் வந்துவிட்டது என்று மொட்டை அடித்தால் தோல் நேராக வெயிலுக்கு வந்துவிடும். இந்தப் பருவத்தில் உள்முடி தானாகவே உதிரும். அதை தினமும் சீவி எடுத்தாலே போதும்.

"தைலம் தடவுனா உண்ணி ஓடிடும்"

வெயில் ஏற ஏற உண்ணியும் பெருகும். நாய் உண்ணி முட்டையிடுவது பெரும்பாலும் நாயின் உடம்பில் அல்ல. கூண்டுப் பலகை இடுக்கு, சுவர் விரிசல், மடித்துப் போட்ட சாக்கு, பழைய போர்வை, இப்படி ஒளிய இடம் கிடைக்கும் இடங்களில். குளிருக்குப் போட்டுவிட்டு எடுக்காமல் விட்ட சாக்கு அவற்றுக்குத் தோதான வீடு. நாய்க்கு மருந்து போட்டுவிட்டு அந்தச் சாக்கை விட்டுவைத்தால் இரண்டு வாரத்தில் பழைய கதைதான்.

மலையில் தலைவலி, மூட்டுவலி, ஜலதோஷம் எதற்கும் தைலம்தான். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் நாய்க்கும் பூனைக்கும் அதையே தடவிவிடுகிறார்கள். வாசனைக்கு உண்ணி ஓடும் என்று நம்பிக்கை. யூகலிப்டஸ் தைலம் நாய், பூனை இரண்டுக்குமே நஞ்சு. தோல் வழியாகவும் இறங்கும், நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். எச்சில் ஒழுகும், வாந்தி எடுக்கும், தள்ளாடும். இங்கே கடைகளில் பக்கத்திலேயே வைத்து விற்கும் விண்டர்கிரீன் தைலம் இன்னும் மோசம். அதில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பத்துப் பொருள். இவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. உங்கள் முழங்காலில் தைலம் பூசிக்கொண்டு பூனையை மடியில் வைத்துக் கொஞ்சுவதைக்கூடத் தவிர்க்கலாம்.

இன்னொன்று, நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் மிச்சத்தைப் பூனைக்குக் கழுத்தில் விடுவது. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்து நாய்க்கு ஒத்துக்கொள்ளும், பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகும். பூனைக்கென்று தனியாக மருந்து இருக்கிறது, எடையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

கோடை மழை ஒன்று பெய்து, தேயிலைத் தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டு வந்த அன்று காது மடிப்பு, அக்குள், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணியைத் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். தீக்குச்சியால் சுடுவதும் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் வேண்டாத வேலை. அதற்குப் பிறகு நாய் சாப்பாட்டை ஒதுக்கினாலோ, ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ஒருநாள் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

சீசன் விருந்தாளிகள்

மே மாதம் வீட்டுக்கு உறவினர்கள் வருவார்கள், சாக்லேட் டப்பா திறந்தபடி டீப்பாயில் கிடக்கும். ஊட்டி, கொடைக்கானல் ஹோம்மேட் சாக்லேட்டில் கறுப்பு வகைதான் நாய்க்கு ஆபத்து அதிகம், கோகோ கூடக் கூட அதிலுள்ள, நாய்க்கு நஞ்சான தியோபுரோமின் என்ற பொருளும் கூடும். ஃப்ரூட் அண்ட் நட் வகையில் அதோடு உலர் திராட்சையும் சேர்கிறது. அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தின்றுவிட்டது தெரிந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கப் பார்க்காதீர்கள். உப்பும் நாய்க்கு நஞ்சுதான். எந்த வகை, எத்தனை துண்டு என்று டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

விருந்தாளிகள் வந்தால் நாய் திண்ணைக்குப் போய்விடும். குளிர்தான் இல்லையே, இரவு வெளியிலேயே கட்டிப்போடலாம் என்று தோன்றும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சிறுத்தையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சங்கிலியில் கட்டிய நாயால் ஓடக்கூட முடியாது. மிச்சச் சோற்றைக் கிண்ணத்தோடு வாசலில் விட்டால் கரடி வரும். ஓடைகள் வற்றும் காலத்தில் காட்டெருமையும் தண்ணீருக்காக ஊருக்குள் இறங்கும். அவிழ்த்துவிட்ட நாய் அதைப் பார்த்துக் குரைத்து, மிரண்ட காட்டெருமையை நம் பக்கமே திருப்பிவிடும். அந்தி சாய்ந்ததும் நாயையும் கிண்ணத்தையும் உள்ளே எடுத்துவிடுங்கள்.

முயல் வளர்ப்பவர்களுக்கு ஒரு வரி. கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, முயல் ஆராய்ச்சி மையம் இருப்பதற்கே அந்தக் குளிர்தான் காரணம். 30 டிகிரியைத் தாண்டினால் முயல் தவித்துப்போகும். கொடைக்கானலில் ஆசையாக வாங்கி மே மாதத்தில் மதுரைக்கு அட்டைப்பெட்டியில் கொண்டுபோகாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நாய் மூச்சு வாங்கி, நாக்கு கருஞ்சிவப்பாகி, கால் துவண்டு விழுந்தால் அது வெப்பத் தாக்கு. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி. 41-ஐத் தொட்டால் உறுப்புகள் பழுதாகத் தொடங்கும். நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். மயங்கிக் கிடக்கும்போது வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். கொஞ்சம் சூடு தணிந்ததும் காரின் கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். வழியிலேயே எழுந்து வாலை ஆட்டினாலும் திரும்பி வந்துவிடாதீர்கள், சிறுநீரகம் கெடுவதும் ரத்தம் உறையாமல் போவதும் ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.